நாலு தெரு நகர்ந்த பாட்டுப்பெட்டி

சமுத்திரம் கிராமபோன் சேகரிக்க ஆரம்பித்தபோது அவனிடம் கிராமபோன் கிடையாது. தட்டுகள் மட்டும் ஒன்பது இருந்தன. பெட்டியை வாங்கிவிட்டுத்தான் தட்டு வாங்க வேண்டும் என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். வாங்குகிற அன்றைக்கு அவர்களில் ஒருத்தரும் பக்கத்தில் இல்லை.

அவன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் யார் எத்தனை நிமிஷம் பிந்தி வந்தார்கள் என்று எழுதி வைப்பது வேலை. அதை எழுதுவதற்கு அவன் தினமும் பத்து நிமிஷம் பிந்தி வருவான். இருபத்தாறு வயதுவரை அவனுக்கு இன்னது வேண்டும் என்று பெரிதாக எதுவும் தோன்றியதில்லை. எண்பத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம் முடி வெட்டப் போன இடத்தில் ஒரு பழைய வாரப் பத்திரிகை கையில் கிடைத்தது. அதில் மெட்ராஸ் வக்கீல் ஒருவர் பதினோரு கிராமபோன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பின்னால் அவர் மனைவி நின்றிருந்தார். வக்கீல் முகத்தில் நிம்மதி இருந்தது. அந்த அம்மாள் முகத்தில் இல்லை. சமுத்திரம் வக்கீல் முகத்தை மட்டும் பார்த்தான். பாதித் தலை வெட்டியிருக்கும்போதே முடிவு எடுத்துவிட்டான்.

தட்டுகள் கிடைத்தது பழைய பேப்பர் கடையில். அதைப் பேப்பர் விலைக்குப் போடுவதா இரும்பு விலைக்குப் போடுவதா என்று கடைக்காரருக்கு ஒரு குழப்பம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் சொன்னார். ஒன்பதிலும் லேபிளைப் பூச்சி தின்றிருந்தது. எந்தத் தட்டில் யார் பாடுகிறார்கள், பாடுகிறார்களா பேசுகிறார்களா என்று சொல்ல வழியில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்த மூன்றாம் நாள், அம்மா அதில் ஒன்றை எடுத்துச் சோற்றுப் பானையை மூடினாள். நடுவில் ஓட்டை இருப்பதால் ஆவி போகத் தோதாக இருக்கும் என்பது அவள் கணக்கு. சோறு வெந்தபோது தட்டும் வெந்து பணியாரச் சட்டி மாதிரி குழிந்துவிட்டது. ஆக, தட்டு எட்டு.

பெட்டி தேடி அவன் போய் நின்ற இடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பீர் முகமதுவின் ரேடியோ ரிப்பேர் கடை. அவர் மைக் செட்டும் வாடகைக்கு விடுவார். சமுத்திரம் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஒரு டிரான்சிஸ்டரின் வயிற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி இல்லாம தட்டு வாங்குன மொத ஆளு நீங்கதான் தம்பி."

"நீங்க பாத்ததுலயா பாய்?"

"கேள்விப்பட்டதுலயும்."

அப்புறம் அவரே சொன்னார். இதே ஊரில் செல்லத்தாய் என்று ஓர் அம்மாள். வீட்டில் குழாய் வைத்த பெட்டி ஒன்று இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஸ்பிரிங் அறுந்துபோய் இவர்தான் மாற்றிக் கொடுத்தார். கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் முப்பது சுற்றாவது ஏற வேண்டும், நடுவில் கடகட என்று சத்தம் வந்தால் ஸ்பிரிங் போய்விட்டது, ஊசியை ஒரு பாட்டுக்கு ஒன்று என்று மாற்றாவிட்டால் தட்டை உழுதுவிடும் என்று மூன்று பாடமும் எடுத்தார்.

"ஆனா பேசுறப்பப் பாத்துப் பேசுங்க. அது சீர்ப் பெட்டி."

சமுத்திரம் தலையாட்டினான். சொன்னவர் ரிப்பேர்க்காரர். அதனால், சீர் செய்து நல்ல கண்டிஷனில் இருக்கும் பெட்டி, விலை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் என்று அதை எடுத்துக்கொண்டான். ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டால் இன்னொன்று இருக்கிறதா என்று தேடுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ பால்கோவா வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிற செல்லத்தாய் வீட்டுக்குக் கொண்டு போனான். அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணி நின்றுபோன கோபத்தில் இருந்தாள். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணியும் கொஞ்சம் வாங்கிட்டு வந்துருக்கலாம்" என்றாள்.

பெட்டியைப் பார்க்க வந்தேன் என்றதும் முகம் மாறியது. உள்ளே கூட்டிப் போய், ஒரு பட்டாளத்துக் கம்பளியை விலக்கிக் காட்டினாள். தேக்குப் பெட்டி. மேலே பித்தளைக் குழாய், பூசணிப் பூ விரிந்தது போல. ஓர் இதழ் மட்டும் நசுங்கியிருந்தது. சமுத்திரம் கைப்பிடியைச் செருகிச் சாவி கொடுத்தான். வாய்விட்டு எண்ணினான். நாற்பத்திரண்டு சுற்று ஏறியது, ஒரு கடகடப்பும் இல்லை. பிரேக்கைத் தள்ளியதும் தட்டு வைக்கிற மேடை சத்தமில்லாமல் சுற்றியது. அதன் பச்சை வெல்வெட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். பத்திரிகையில் பார்த்த வக்கீலின் முகம் தன் முகத்துக்கு வந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது.

"எம்புட்டுக்குக் குடுப்பீக?" என்றான்.

செல்லத்தாய் பிரேக்கை இழுத்து மேடையை நிறுத்தினாள்.

"எங்க அண்ணன் செத்துப்போனாருன்னு யாரும் ஒங்கிட்ட சொன்னாகளா?"

"இல்ல."

"நான் சோத்துக்கு இல்லாமக் கெடக்கேன்னு யாரும் சொன்னாகளா?"

"இல்ல."

"பொறவு என்ன மயித்துக்குப் பொறந்த வீட்டுச் சீரை நான் விக்கணும்?"

சீர் என்ற சொல்லின் இன்னொரு அர்த்தம் அப்போதுதான் சமுத்திரத்தின் தலையில் இறங்கியது. ஐம்பத்திரண்டில் அவள் கல்யாணத்துக்கு அண்ணன் உக்கிரபாண்டி பட்டாளத்திலிருந்து கொண்டு வந்து இறக்கிய சீர் அது. அண்டா குண்டாவோடு ஊர்வலமாக வந்தது. அதற்கு விலை கேட்பது, உன் அண்ணன் கையாலாகாதவன் என்று வீட்டுக்குள் வந்து சொல்வதற்குச் சமம். வேறு ஆளாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். நாற்பத்திரண்டு சுற்றையும் அவன் எண்ணிய அழகில் மனசு இளகியதோ என்னவோ, உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள்.

காப்பியோடு இன்னொரு சேதியும் வந்தது. அவளுக்கு மூன்று மகன்கள், மூன்றும் பட்டாளத்தில். மூத்தவன் ஆடியில் லீவுக்கு வருகிறான். வரும்போது டிவி கொண்டு வருகிறானாம். அதை வைக்க இடம் வேண்டுமாம். பெட்டி இருக்கும் இடத்தைத்தான் கடிதத்தில் எழுதியிருக்கிறான்.

"பேரீச்சம்பழக்காரன் வந்தா போட்டுருங்கன்னு எழுதியிருக்கான். எழுதுன கைய ஒடிக்கணும். ஆனா அவன் வந்து தூக்கிப் போட்டா நான் என்ன செய்ய? அவன் வீடுதான."

"அதுக்குத்தான், நான் வந்து..."

"விக்க மாட்டேன்னு சொன்னேன்ல?"

ஆக நிலவரம் இது. விற்கக் கூடாது, வைத்திருக்கவும் முடியாது. ஆடி பிறக்க இரண்டரை மாதம் இருக்கிறது. அதற்குள் பெட்டி எங்காவது போகாவிட்டால் பேரீச்சம்பழமாகிவிடும். இந்தக் கணக்குத் தெரிந்த நாளிலிருந்து சமுத்திரம் மில்லுக்கு இருபது நிமிஷம் பிந்தி வர ஆரம்பித்தான்.

"அண்ணனைப் போய்க் கேளு. அவிய வாய்ல இருந்து ஒரு வார்த்தை வந்தா எனக்கு என்ன?" என்று செல்லத்தாய் சொல்லியிருந்ததால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவதானத்துக்கு பஸ் ஏறினான்.

ரிட்டயர்டு சுபேதார் உக்கிரபாண்டி தென்னைக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்தார். எழுபது வயது. மீசைக்கு மட்டும் நாற்பது. விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அது பூனாவுல ஒரு மேஜரு மூட்டை கட்டுறப்ப எங்கிட்டக் குடுத்துட்டுப் போனது. ரயில்ல நாலு நாளு மடியிலயே வச்சுட்டு வந்தேன். ஒன்னுக்குப் போகக் கூட எந்திரிக்கல."

"நாலு நாளும் ஐயா?"

"பேச்சுக்குச் சொல்றது தம்பி. அதை விடு. குடுத்ததோட என் கைய விட்டுப் போச்சு. இப்ப நான் விக்கச் சொன்னேன்னா, உக்கிரபாண்டி தங்கச்சிக்குக் குடுத்த சீரை வித்துத் தின்னுட்டாம்பான்."

"அவங்களா வித்தா?"

"தங்கச்சியப் பட்டினி போட்டுட்டாம்பான்."

"சும்மா குடுத்தா?"

"கிறுக்கு பிடிச்சிருச்சும்பான்."

யார் அப்படிச் சொல்வான் என்று சமுத்திரம் கேட்கவில்லை. அந்த ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறான். ராஜபாளையத்திலும் இருக்கிறான், சமயத்தில் அது சமுத்திரமாகவே இருக்கும்.

"அப்ப என்னதான் ஐயா செய்யிறது?"

உக்கிரபாண்டி மடையை மாற்றிவிட்டு வந்து சொன்னார். "சீரா வந்துச்சு. சீராப் போனா ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது. பொறந்த வீட்டுல இருந்து வந்ததை அவ பெத்த மகளுக்குச் சீராக் குடுக்கலாம். அதுதான் வழி. ஆனா மூணும் ஆம்பளப் பயலா பெத்து வச்சுருக்கா. குடுக்க ஆளு எங்க இருக்கு?"

சமுத்திரம் அன்றைக்கே அதே பஸ்ஸில் ஏறி, ராஜபாளையத்தில் இறங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தான். அண்ணன் சொன்னதைத் தங்கையிடம் வரி பிசகாமல் ஒப்பித்தான். செல்லத்தாய் கேட்டு முடித்தாள். பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமா, நீ யாரு மகன்?"

இரண்டு தடவை வந்து காப்பி குடித்த பிறகு கேட்ட கேள்வி. அப்பா பேரைச் சொன்னான். அது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா எந்த ஊரு?"

"வ. புதுப்பட்டி."

"புதுப்பட்டியில எங்க?"

"ஊருணிக்கு மேல்பக்கம்."

"ஊருணிக்கு மேல்பக்கம்னா, முன்னால ரெண்டு பூவரசு நிக்குமே, அந்த வீட்டுக்கு முந்தியா பிந்தியா?"

"ரெண்டு வீடு பிந்தி."

"கோட்டிக்காரப் பயலே, அப்ப உங்க தாத்தா எங்க சின்னையாவுக்குப் பங்காளில்லா. உங்கம்மா எனக்குத் தங்கச்சி முறை ஆகணும். அவளுக்கு ஒரு கண்ணு கொஞ்சம் சின்னதா இருக்குமே?"

அம்மாவுக்கு இரண்டு கண்ணும் ஒரே அளவுதான். ஆனால் பெட்டி ஐந்தடி தூரத்தில் இருந்தது. "இருக்கும்" என்றான் சமுத்திரம்.

"நான் உனக்குப் பெரியம்மா. ஐயோ, பெத்த பிள்ளை மாதிரி வந்து நிக்கான், நான் யாரோன்னு பேசிட்டு இருக்கேன்."

"அப்ப எனக்கே சீராக் குடுத்துருங்க பெரியம்மா."

"ஏலே, ஆம்பளப் பிள்ளைக்கு யாராச்சும் சீர் செய்வாகளா? ஊரு சிரிக்கும். பொம்பளப் பிள்ளைக்குத்தான் சீரு. உனக்குத் தங்கச்சி இருக்கா?"

இருந்தாள். வெள்ளத்தாய். இதே ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தது, செல்லத்தாய் வீட்டிலிருந்து நாலாவது தெரு. புருஷன் சௌந்தரபாண்டியன், போலீஸ் கான்ஸ்டபிள். பெண் குழந்தை நாச்சியாருக்கு ஒரு வயது ஆகப் போகிறது, இன்னும் காது குத்தவில்லை. இதையெல்லாம் சமுத்திரம் பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவன் போல மூச்சு விடாமல் சொன்னான்.

செல்லத்தாய் எழுந்து போய்ப் பெட்டியின் கம்பளியைச் சரி செய்தாள். அதில் சரி செய்ய ஒன்றும் இல்லை.

"ஊருல ஒவ்வொருத்தி மக வீட்டுக்குச் சீர்த்தட்டு தூக்கிட்டுப் போறா. நான் முப்பது வருஷமா வாசல்ல நின்னு பாத்துட்டு இருக்கேன். மூணு பயலுக்கும் கல்யாணம் பண்ணுனேன், மூணு தடவையும் அடுத்தவ தட்டை நான் வாங்கி வச்சேன். நானாத் தூக்கிட்டுப் போக ஒரு வீடு இல்ல." திரும்பினாள். "காது குத்துக்கு நான் வாரேன். சீரோட வாரேன். ஒத்தப் பைசா வாங்க மாட்டேன். பத்திரிகையில எம் பேரை மட்டும் போடணும், பெரியம்மான்னு."

சமுத்திரம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். பெட்டிக்கு விலையும் இல்லை, பிரச்சினையும் தீர்ந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது, மெட்ராஸ் வக்கீலுக்கு இந்தச் சாமர்த்தியம் இருந்திருக்குமா என்று கூட ஒரு எண்ணம் வந்தது.

காது குத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று சௌந்தரபாண்டியன் வீட்டில் பேச்சு. ஆடியில் விசேஷம் ஆகாது. எனவே ஆனிக்குள் நடத்தியாக வேண்டும். சமுத்திரம் தங்கை வீட்டுக்கு வாரம் இரண்டு முறை போனான். தாய்மாமன் அவன்தான், அதனால் அவன் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. பிள்ளைக்குக் காது துளை தூர்ந்து போகும், வயது ஏற ஏற வலிக்கும், ஆனியில் ஆசாரிக்குக் கை ஓய்வாக இருக்கும், பதறாமல் குத்துவார் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான்.

"அண்ணே, உனக்குத் திடீர்னு இம்புட்டுப் பாசம் எங்கிருந்து வந்துச்சு?" என்றாள் வெள்ளத்தாய்.

"இருந்துச்சு. சொன்னதில்ல."

"குத்தாத காது எப்பிடிண்ணே தூரும்?"

அவன் காலண்டரை எடுத்துப் புரட்டினான். ஆனி பதினெட்டு என்று முடிவானது. பத்திரிகையில் அடியில் அழைப்போர் வரிசையில் செல்லத்தாய் பெரியம்மா என்று அச்சானது. பெரியம்மா யாரென்று அம்மா கேட்டாள். புதுப்பட்டி ஊருணி, பூவரசு, பங்காளி என்று சமுத்திரம் விளக்கினான். எங்க வீட்டுப் பக்கம் பூவரசே கிடையாதே என்றாள் அம்மா. அச்சாகிவிட்டது, இனிமேல் உண்டு என்றான்.

விசேஷத்தன்றைக்கு செல்லத்தாய் வந்த வரத்தைத் தெரு இன்றைக்கும் சொல்லும். முன்னால் மேளம். அதற்குப் பின்னால் பித்தளைக் குழாயைக் கழற்றித் தோளில் துப்பாக்கி மாதிரி சாய்த்துக்கொண்டு உக்கிரபாண்டி. அதற்குப் பின்னால் இரண்டு ஆள் தூக்கிவர மாலை போட்ட பெட்டி. அப்புறம் பதினொரு சீர்த்தட்டு. பழம், தேங்காய், வளையல், பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை. செல்லத்தாய் நடுவில் நடந்தாள். நேர்வழியில் வந்தால் நாலு தெரு சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஏழு தெரு சுற்றி வந்தாள். வாசலில் வெள்ளத்தாய் ஆரத்தி எடுத்துக் காலில் விழுந்தாள். செல்லத்தாய் அவளைத் தூக்கி நிறுத்தி, பெட்டியின் கைப்பிடியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"ஏட்டி, இது உன் பெரியம்மா குடுத்த சீரு. பத்திரமா வச்சுக்க."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கூட்டத்தில் இருந்த பொம்பளைகள் மூக்கை உறிஞ்சினார்கள். சமுத்திரம் அந்த நேரத்தில் குழாய் இன்னும் எங்கேயாவது நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மடியில் வைத்துத்தான் நாச்சியாருக்குக் காது குத்தினார்கள். பிள்ளை அழுத அழுகையை பீர் முகமதுவின் மைக் செட் ஊருக்கே கேட்க வைத்தது. அது அடங்கியதும், கிராமபோனின் வாய்க்கு நேராக மைக்கை நிறுத்தி வைத்தார் பீர் முகமது. சமுத்திரம் எட்டுத் தட்டில் ஒன்றைக் கண்ணை மூடி எடுத்தான். சாவி கொடுத்து, புது ஊசி போட்டு, ஊசித் தலையைத் தட்டில் இறக்கினான். குழாய்க்குள் யாரோ அப்பளம் பொரித்தார்கள். பிறகு ஒரு ஆம்பளையும் ஒரு பொம்பளையும் தெலுங்கில் ஆவேசமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

ராஜபாளையத்திலிருந்து வேனில் வந்திருந்த பக்கத்து வீட்டு ஜெயபாய்க்கு மட்டும்தான் தெலுங்கு தெரியும். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்து வைத்தார்கள். மூன்று நிமிஷம் ஊரே சிரித்து முடித்த பிறகுதான், என்ன சொல்லுதாங்க என்று ஒருத்தி கேட்டாள்.

"புருஷன் பொண்டாட்டி சண்டை. எங்கம்மா வீட்டுல இருந்து கொண்டாந்த சாமானை எல்லாம் எடுத்து வையி, நான் போறேன்னு நிக்கிறா அவ."

பந்தியில் செல்லத்தாய், வெள்ளத்தாயின் பிறந்த வீட்டார் வரிசையில் முதல் இலையில் உட்கார்ந்தாள். வடை சின்னதாக இருக்கிறது என்று குறை சொன்னாள். சீர் கொண்டு வந்தவளாக உட்கார்ந்து குறை சொல்வது அவளுக்கு இதுதான் முதல் தடவை. இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

கூட்டம் கலைந்து மூன்று மணி வாக்கில், சமுத்திரம் ஜெயபாய் வந்த வேனை வாசலில் ஒட்டி நிறுத்தச் சொன்னான். குழாயைப் போர்வையில் சுற்றினான். பெட்டியின் அடியில் கை கொடுத்தான்.

"எங்கண்ணே தூக்குற?" என்றாள் வெள்ளத்தாய். அவள் கையில் கைப்பிடி இருந்தது.

"வீட்டுக்கு."

"வீட்டுலதான இருக்கு."

"நம்ம வீட்டுக்கு. ராஜபாளையத்துக்கு."

"எனக்குக் குடுத்த சீரை எதுக்கு ராஜபாளையத்துக்குக் கொண்டு போற?"

சமுத்திரம் பெட்டியைக் கீழே வைத்தான். மாசியிலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னான். வக்கீலில் ஆரம்பித்து, தேவதானம் போனது, ஆனியில் ஆசாரிக்குக் கை ஓய்வு என்பது பொய், எல்லாம். வெள்ளத்தாய் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப எம் பிள்ளை காதை இதுக்காகத்தான் குத்துனியா?"

"எப்படியும் குத்தத்தான போறோம்."

"சரி. ஆனா குடுத்தது எனக்கு."

"அது சும்மா பேருக்கு, வெள்ள."

"பேருக்கு எப்பிடிண்ணே சீரு செய்வாக? அந்தப் பெரியம்மா கண்ணுல தண்ணியோட எங் கையில வச்சு மூடுச்சு. நீ பாக்கல? நாளைக்கு அவுக நாலு தெரு தள்ளி இருந்து வந்து பாப்பாக. பெட்டி எங்கட்டின்னா நான் என்ன சொல்ல?"

அவன் கடைசியாக ஒரு வழியை முயன்று பார்த்தான். "விலைக்குக் குடு. கேட்டதைத் தாரேன்."

"நான் சோத்துக்கு இல்லாமக் கெடக்கேனா?"

"இல்ல."

"எங்கண்ணன் செத்தா போயிட்டான்?"

அந்த அண்ணன் அவன்தான். சமுத்திரம் திரும்பி மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தான். சௌந்தரபாண்டியன் விசேஷத்துக்கு எடுத்த புதுச் சட்டையின் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு, ஸ்டேஷனில் பேசுகிற குரலில் சொன்னார்.

"மச்சான், நான் புருஷன். எனக்கே அதுல பாத்தியதை கிடையாது. சட்டத்துல ஸ்திரீதனம்னு இருக்கு. நீங்க வேன்ல ஏத்துனீங்கன்னா நான் கேஸ் எழுத வேண்டியிருக்கும். சொந்தக்காரங்கன்னு பாக்க முடியாது."

வேன் ஜெயபாயை ஏற்றிக்கொண்டு போனது. ஆக மொத்தம், ஐந்து மாதம் அலைந்து, இரண்டு ஊரைக் கூட்டி, இல்லாத பூவரசை நட்டு, ஒரு குழந்தையின் காதில் இரண்டு ஓட்டை போட்டு, சமுத்திரம் அந்தப் பெட்டியை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாலு தெரு நகர்த்தியிருந்தான். பேரீச்சம்பழத்திலிருந்து அது தப்பித்துவிட்டது. அவனிடமிருந்தும் தப்பித்துவிட்டது.

எட்டுத் தட்டையும் தங்கை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏற ஆரம்பித்தான். போவான், சாவி கொடுப்பான், இரண்டு தட்டு கேட்பான், சாப்பிட்டுவிட்டு வருவான். சில வாரம் செல்லத்தாயும் வந்து உட்கார்ந்திருப்பாள். எட்டில் மூன்று தெலுங்கு, இரண்டு நாதஸ்வரம், ஒன்று வெறும் அப்பளம், மீதி இரண்டையும் செல்லத்தாய் கூடவே முணுமுணுத்தாள்.

நாலாவது ஞாயிறு. அவன் பச்சை வெல்வெட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்து வெள்ளத்தாய்க்கே பாவமாகப் போய்விட்டது. மீன் அரிந்துகொண்டே சொன்னாள்.

"ஏண்ணே இப்பிடிப் பாக்குற? உனக்கு ஒரு பையன் பொறந்து எம் மகளைக் கட்டுனான்னா, சீரோட சீரா பெட்டி தன்னால உன் வீட்டுக்கு வந்து எறங்கப் போவுது."

அவள் சிரிக்கத்தான் சொன்னாள். சமுத்திரம் அதை ஆபீஸ் நடைமுறை போல எடுத்துக்கொண்டான். செத்த நேரம் விரல் விட்டு எண்ணினான்.

"ஆகாது. நாச்சியாருக்கு ஒரு வயசு ஆச்சு. எம் பையன் இன்னும் பொறக்கல. பொண்ணு மூத்ததாப் போயிரும்."

"அப்ப அடுத்த பிள்ளைய வச்சுக்கிருவோம்."

"அடுத்தது எப்ப?"

வெள்ளத்தாய் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். சமுத்திரம் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சௌந்தரபாண்டியனிடம் கேள்வியை மாற்றிக்கொண்டான்.

"மாப்ள, ரெண்டாவது எப்ப உத்தேசம்? மூணு வருஷம் பொறுக்க முடியுமா? எம் பையன் முந்திரணும்."

சௌந்தரபாண்டியன் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

பஸ் ஏறப் போகிற வழியில் சமுத்திரம் பீர் முகமது கடையில் நின்றான்.

"பாய், அந்த ஸ்பிரிங் எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?"

"நல்ல ஸ்பிரிங்கு. இருக்கும்."

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வரைக்கும்?"

பீர் முகமது கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கிற கம்பியைக் கீழே வைத்தார். கேட்பவன் முகத்தில் விளையாட்டு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

"நான் இருக்க மாட்டேன். அது இருக்கும். முழுசா முறுக்காதீங்க, நாலு சுத்து பாக்கி விட்டுச் சாவி குடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விடுங்க. அப்புறம், கேட்டு முடிச்சதும் ஸ்பிரிங்கை ஓட விட்டுட்டு மூடணும். முறுக்கோட மூடி வச்சா செத்துப் போகும்."

சமுத்திரம் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ராஜபாளையத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தான். அம்மா முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"எம்மா, எனக்குப் பொண்ணு பாருங்க."

அம்மா மடித்துக்கொண்டிருந்த வேட்டியை அப்படியே மார்போடு வைத்துக்கொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது. காரணம் கேட்டால் பிள்ளை மனசு மாறிவிடுவான் என்று பயந்து, அதைக் கேட்கவில்லை.

"எப்பிடிப்பட்ட பொண்ணுய்யா பாக்க?"

சமுத்திரம் யோசித்தான்.

"சீக்கிரமா அமையிற பொண்ணா."